சாவர்பாடா எக்ஸ்பிரஸும் எங்க அக்காவும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆடிட், ஊர்ல ஒரு கல்யாணம், மிச்சமெல்லாம் வழக்கமான சோம்பேறித்தனம். இந்தத் தடவை எழுத உட்கார வைத்தது வீட்டில் நடந்த ஒரு சின்னச் சண்டை.

ஒன்பதாவது படிக்கிற என் மகள் பள்ளிக்கூடத்துப் போட்டியில் 3000 மீட்டர் ஓடி இரண்டாவதாக வந்துவிட்டாள். தினமும் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் பயிற்சி இருக்காம், சேர்த்து விடுங்கப்பா என்றாள். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அடுத்த வருஷம் பத்தாவது. இருட்டுல போகணும். அப்படி ஓடி என்ன ஆகப்போகுது?" என்று சொல்லிவிட்டேன். தங்கமணியும் தன் பங்குக்கு, "வெயில்ல கறுத்துப் போயிடுவே" என்றாள். காலை ஐந்தரைக்கு ஏது வெயில் என்று மகள் கேட்ட கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை :-)

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் பண்ணும்போது அக்காவிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. "அப்பா மாதிரியே பேசுறியேடா தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அங்க மழை எப்படி என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

கொஞ்சம் பின்னால் போகணும். கோவில்பட்டிப் பக்கம் எங்க ஊர். 1986-ல் சியோல் ஆசியப் போட்டியில் பி.டி. உஷா நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கி வந்தபோது, எங்க ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் உஷாதான். அக்கா நிஜமாகவே ஓடுவாள். செருப்பில்லாமல், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரிசல் மண்ணில் 1500 மீட்டர். மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தாள். பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்து, மாநிலப் போட்டிக்கு அனுப்புங்க என்று கேட்டார். அந்த வருஷம்தான் அக்கா பெரியவளாகி இருந்தாள். அப்பா டீச்சருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். "போதும் டீச்சர், பொம்பளைப் புள்ளை ஓடி என்ன ஆகப்போகுது" என்று அனுப்பி வைத்தார். ஒரு சண்டையோ அழுகையோ இல்லை. அத்தோடு முடிந்தது.

அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல், முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து என் வாயிலிருந்து வந்திருக்கிறது. அதுவும் எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு? நாசிக்கில்!

நாசிக் என்றால் நம்ம ஆட்களுக்கு ரூபாய் நோட்டு அச்சடிக்கிற பிரஸ், வெங்காயம், கல்யாணத்துக்கு நாசிக் டோல். கொஞ்சம் பக்தி இருந்தால் திரிம்பகேஷ்வர், பஞ்சவடி. இந்தியாவில் நெடுந்தூரம் ஓடும் பெண்களைப் பற்றிப் பேசினால் இந்த ஊரை விட்டுவிட்டுப் பேச முடியாது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். அதற்கு முன்னால், 'பொம்பளைப் புள்ளை ஓடி என்ன ஆகப்போகுது' என்ற வாக்கியத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அது எங்க அப்பா கண்டுபிடித்ததில்லை.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் ஜெயித்தார். உலக சாதனை. இறுதிப் போட்டியில் ஓடியது ஒன்பது பேர், ஒன்பது பேரும் முடித்தார்கள். ஓடி முடித்த களைப்பில் சிலர் தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்களும் அப்படித்தான் உட்காருவார்கள். ஆனால் பத்திரிகைகள் பெண்கள் மயங்கிச் சரிந்தார்கள், பார்க்கவே பரிதாபம் என்று எழுதித் தள்ளின. 800 மீட்டரைத் தூக்கிவிட்டார்கள். திரும்பி வந்தது 1960 ரோமில். 32 வருஷம், இரண்டே சுற்று ஓடுவதற்கு!

அப்புறமும் ஒரே மூச்சில் வந்துவிடவில்லை. 1500 மீட்டர் வந்தது 1972-ல். மாரத்தான் 1984-ல். 10,000 மீட்டர் 1988-ல். 5000 மீட்டர் 1996-ல். 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ், அதாவது தடையும் தண்ணீர்ப் பள்ளமும் தாண்டி ஓடுவது, 2008-ல். நடுவில் 1967-ல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் என்ற மாணவி, முழுப்பெயர் போடாமல் இனிஷியல் போட்டுப் பதிவு செய்து ஓடினார். பாதையிலேயே ஓர் அதிகாரி பாய்ந்து வந்து, அவர் சட்டையில் குத்தியிருந்த 261 என்ற எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். அந்தப் போட்டோவை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அதே பாஸ்டன் பெண்களை முறைப்படி அனுமதித்தது 1972-ல்தான்.

டாக்டர்களும் விளையாட்டு அதிகாரிகளும் சொன்ன காரணம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். உடம்பு தாங்காது. பிள்ளை பெற முடியாது. எங்க அக்கா கரிசலில் ஓடிய 1986-ல் ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு 10,000 மீட்டர் கிடையாது என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. கோவில்பட்டியில் ஒரு அப்பா சொன்னதை உலகமே கோட் சூட் போட்டுக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தியாவில் அந்தக் காலத்திலேயே ஓடியவர்கள் இல்லாமல் இல்லை. டெல்லியின் ஆஷா அகர்வால் மாரத்தான் ஓடி 1985-ல் அர்ஜுனா விருது வாங்கினார். ஆனால் பொதுவாக நமக்கு ஓட்டம் என்றால் உஷா, 400 மீட்டர், அத்தோடு சரி. 25 சுற்று ஓடுகிற பெண்களை யார் பார்த்தார்கள்?

இப்போது நாசிக்குக்கு வருவோம்.

திரிம்பகேஷ்வர் தாண்டி ஹர்சூல் போகிற ரோடு மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் ஏறி இறங்கும். இருபக்கமும் ஆதிவாசி கிராமங்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனால் வைப்பர் போட்டாலும் ரோடு தெரியாது, அப்படிக் கொட்டும். அதே ஊர்களில் ஏப்ரல், மே மாதம் குடிக்கத் தண்ணீர் கிடையாது. பெய்கிற மழையெல்லாம் பாறைச் சரிவில் ஓடிப்போய்விடும். பெண்கள் தலையில் இரண்டு ஹண்டா (நம்ம குடம்தான்) அடுக்கிக்கொண்டு சரிவில் ஏறி வருவதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். சாப்பாடு நாக்லி பாக்ரி. பேரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், நம்ம கேழ்வரகு ரொட்டி.

அந்தப் பக்கத்து சாவர்பாடா என்ற சின்ன ஊரில் 1985-ல் பிறந்தவர் கவிதா ராவுத். ஏன் ஓட்டத்தைப் பிடித்தார் என்பதற்கு அவர் சொன்ன காரணம் ரொம்பச் சாதாரணமானது: வெறுங்காலோடு ஓடலாம், எதுவும் வாங்க வேண்டியதில்லை. பேட் வேண்டாம், ராக்கெட் வேண்டாம், மைதானம்கூட வேண்டாம். நாசிக்கில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் விஜேந்தர் சிங் அவரைத் தயார் செய்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லணும். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்த ஒரு கதை உண்டு. மலையில் தண்ணீர் சுமந்தாள், அதனால் ஓடினாள், அதனால் பதக்கம் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த மலையில் தண்ணீர் சுமக்காத பெண்ணே கிடையாது. அத்தனை பேரும் பதக்கம் வாங்கவில்லையே. தெம்பு எல்லாருக்கும் இருந்தது. அதைப் பார்த்து, "இந்தப் பெண் ஓடட்டும்" என்று சொல்ல வீட்டில் ஒருவர், மைதானத்தில் கடிகாரத்தோடு ஒருவர், தங்க ஓர் இடம், இரண்டு வேளை நல்ல சாப்பாடு. இதெல்லாம் சேர்ந்தது ஒருத்தருக்கு.

2010 அக்டோபர், டெல்லி காமன்வெல்த் போட்டி. ஊழல், இடிந்த நடைபாலம் என்று பேப்பர் முழுக்க அசிங்கமாக இருந்த நேரம். 8-ம் தேதி பெண்கள் 10,000 மீட்டர். முதல் இரண்டு இடமும் கென்யாவுக்கு. மூன்றாவதாகக் கவிதா, 33 நிமிடம் 5.28 வினாடி. காமன்வெல்த்தில் தனிநபர் ஓட்டத்தில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால், 1958-ல் மில்கா சிங் கார்டிஃபில் தங்கம் வாங்கிய பிறகு ஓடுபாதையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம். நடுவில் 52 வருஷம்!

அன்றைக்கு எங்க ஃபாக்டரி கேன்டீனில் மராத்தி நண்பர்கள் அடித்த கூத்து எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதுவரைக்கும் யாருக்கும் சாவர்பாடா எங்கே இருக்கிறது என்று தெரியாது. மறுநாள் எல்லாருமே அந்த ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். உஷாவுக்குப் 'பய்யோளி எக்ஸ்பிரஸ்' மாதிரி, இவருக்கு 'சாவர்பாடா எக்ஸ்பிரஸ்' என்று பெயர்.

அதைவிடப் பெரிய விஷயம் ஆறே வாரத்தில் நடந்தது. நவம்பரில் சீனாவின் குவாங்சோவில் ஆசியப் போட்டி. அதே 10,000 மீட்டர். கேரளத்து இடுக்கி மலையிலிருந்து வந்த பிரீஜா ஸ்ரீதரன் 31 நிமிடம் 50.47 வினாடி, தங்கம். கவிதா 31 நிமிடம் 51.44 வினாடி, வெள்ளி. 25 சுற்று ஓடி முடித்த பிறகு இருவருக்கும் நடுவில் ஒரு வினாடிகூட இல்லை. டெல்லியில் ஓடியதைவிடக் கவிதா ஒரு நிமிடத்துக்கு மேல் வேகம். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு சுமார் 76 வினாடி, அப்படி 25 சுற்று நிறுத்தாமல். சந்தேகம் இருந்தால் பக்கத்து மைதானத்தில் 400 மீட்டர் ஒரே ஒரு சுற்று 76 வினாடியில் ஓடிப் பாருங்கள். நான் பார்த்தேன். இரண்டு நாள் லீவு போட்டேன்.

எல்லாமே ஏறுமுகம் இல்லை. 2012-ல் அர்ஜுனா விருது வாங்கினார். 2016 பிப்ரவரியில் குவாஹாட்டி தெற்காசியப் போட்டியில் மாரத்தானை 2 மணி 38 நிமிடம் 38 வினாடியில் ஓடித் தங்கமும் ரியோ ஒலிம்பிக் வாய்ப்பும் வாங்கினார். ரியோவில் 2 மணி 59 நிமிடத்துக்கு மேலாகி 120-வது இடம். டிவியில் யாரும் காட்டவில்லை. ஆனால் ஹர்சூல் மலையிலிருந்து ஒரு பெண் ஒலிம்பிக்கில் 42 கிலோமீட்டர் ஓடி முடித்தார் என்பதை 120-வது இடம் மாற்றிவிடாது.

அதே ரியோவில் மகாராஷ்டிராவின் இன்னொரு மூலையிலிருந்தும் ஒருவர் ஓடினார். சாத்தாரா மாவட்டத்தில் மாண் தாலுகா. நாசிக் மலையில் கொட்டுகிற மழையில் கால்வாசிகூடப் பார்க்காத வறண்ட பூமி, நம்ம கரிசல் காடு மாதிரி. அங்கே மோஹி என்ற ஊரைச் சேர்ந்த லலிதா பாபர். மும்பை மாரத்தானில் இந்தியப் பெண்கள் பிரிவில் 2012, 2013, 2014 என்று மூன்று வருஷம் தொடர்ந்து முதலிடம். பிறகு ஸ்டீபிள்சேஸுக்கு மாறினார். 3000 மீட்டருக்குள் 28 தடை, 7 தண்ணீர்ப் பள்ளம். 2014 ஆசியப் போட்டியில் வெண்கலம், 2015 ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம். ரியோவில் தகுதிச் சுற்றில் 9 நிமிடம் 19.76 வினாடி ஓடித் தேசிய சாதனை வைத்து இறுதிப் போட்டிக்குப் போனார், 10-வது இடம். 1984-ல் உஷா ஓடிய பிறகு, ஒலிம்பிக் ஓடுபாதையில் இறுதிக்கு வந்த முதல் இந்தியப் பெண். பின்னாளில் ராய்கட் மாவட்டத்தில் தாசில்தாராக உட்கார்ந்தார். ஓடி என்ன ஆகப்போகுது என்று கேட்கிறவர்களுக்கு (எனக்கும் சேர்த்துத்தான்) இது ஒரு பதில். ஆனால் வேலை கிடைத்தால்தான் ஓடலாம் என்று இதை எடுத்துக்கொண்டால் திரும்பவும் அப்பா பக்கம்தான் போய்ச் சேருவோம்.

கவிதாவுக்குப் பிறகு நாசிக் என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருவர் ஜெயித்தால் அது செய்தி. பின்னால் வரிசையாக ஆட்கள் வந்தால்தான் அது சரித்திரம். மாவட்டத்தின் கிராமங்களிலிருந்து பெண்கள் நகரத்துக்கு ஓட வந்தார்கள். மோனிகா ஆத்ரே 2017-ல் லண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்காக மாரத்தான் ஓடினார். சஞ்சீவனி ஜாதவ் அதே வருஷம் தைபேயில் உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 10,000 மீட்டரில் வெள்ளி வாங்கினார். இங்கே மைதானத்தில் சின்னப் பெண்கள் கவிதாவைச் சொல்வது 'கவிதா தாயி' என்று. நம்ம 'தாய்' இல்லை. மராத்தியில் தாயி என்றால் அக்கா.

நம்ம பக்கத்தையும் பேசாமல் விட முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்திரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. பிறகு பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1928-ல் எந்த 800 மீட்டரைப் பெண் உடம்பு தாங்காது என்று தூக்கினார்களோ, அதே 800 மீட்டர். அன்றைக்குத் தாங்காது என்றார்கள். இன்றைக்கு நன்றாக ஓடினால், நீ பெண்தானா என்று கேட்கிறார்கள். அவர் மனம் தளராமல் பின்னாளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு வந்தார். அதே புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து எல். சூர்யா, கவிதா மாரத்தான் ஜெயித்த அதே 2016 குவாஹாட்டிப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஒரே ஊரில், ஒரே வாரத்தில் திரிம்பக் மலைக்காரரும் புதுக்கோட்டைக்காரரும் நெடுந்தூரத் தங்கங்களை அள்ளியிருக்கிறார்கள். நான் அன்றைக்கு என்ன பண்ணிக்கொண்டிருந்தேன்? கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

இதையெல்லாம் ஒரு வாரம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட பிறகு, சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று ஒரு நாள் விடியற்காலை மகளோடு மைதானத்துக்குப் போனேன். நாசிக் குளிர் தெரியும்தானே, ஸ்வெட்டர், மஃப்ளர், நான் ஒரு மூட்டை மாதிரி இருந்தேன். முப்பது நாற்பது பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சிலர் கிழிந்த ஷூ. ஒரே ஒரு பெண் வெறுங்கால்.

ஓரமாக ஒருவர் பைக்கைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தார். திராட்சைத் தோட்டத்தில் வேலையாம். இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்து மகளைக் கூட்டி வருகிறார், வாரத்தில் ஆறு நாள். என் அரைகுறை மராத்தியில், "படிப்பு கெடாதா, ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டே வார்த்தை சொன்னார். "பளூ த்யா." ஓட விடுங்க.

1928-ல் ஆம்ஸ்டர்டாமில் யாராவது இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். எங்க வீட்டு வாசலில் அப்பா சொல்லியிருக்கலாம். அப்பாவைக் குற்றம் சொல்ல இப்போது அவர் இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. எல்லாரும் சொன்னதைச் சொன்னார். நானும் எல்லாரும் சொல்வதைத்தான் சொல்லியிருந்தேன்.

மகளைச் சேர்த்துவிட்டேன். பெரிய தியாகமெல்லாம் இல்லை, காலை நாலே முக்காலுக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அவள் கவிதா ராவுத் ஆகப்போவதில்லை என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஆதிவாசி ஹாஸ்டல் பெண்கள் அவளை இரண்டு சுற்று முந்திக்கொண்டு போகிறார்கள். அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. "அப்பா, அந்த அக்கா நாலாவது சுத்துலயும் பேசிட்டே ஓடுறாங்கப்பா" என்று வீட்டுக்கு வந்து வாயைப் பிளக்கிறாள்.

போன ஞாயிறு அக்காவுக்குப் போன் பண்ணினேன். வழக்கமாக மார்க் எவ்வளவு, சாப்பிடுறாளா என்று கேட்பவள் இந்தத் தடவை எடுத்தவுடனே கேட்டது வேறு.

"எத்தனை சுத்துடா ஓடுறா?"

ஏழு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள். "ஆரம்பத்துலயே வேகமாப் போக வேண்டாம்னு சொல்லு. முதல் ரெண்டு சுத்து மூச்சை அடக்கி வச்சுக்கணும். கடைசிச் சுத்துக்குத்தான் தெம்பு வேணும்."

முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் ஆகியும் மறக்கவில்லை. போனை மகளிடம் கொடுத்துவிட்டு நான் காப்பி போடப் போய்விட்டேன். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓடி நிறுத்தின அக்கா, அத்தை, சித்தி யாராவது இருப்பார்கள். இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். எவ்வளவு தூரம் ஓடினார்கள், எந்த வருஷம், யார் நிறுத்தினார்கள் என்று. கேட்டதை எழுதியும் வையுங்கள்.